வென்றவர் எழுதும் விதிகள்

2011 மே 5 அன்று பிரிட்டனில் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் ஒரே ஒரு வேட்பாளருக்குக் குறியிடுவதற்குப் பதிலாக 1, 2, 3 என்று விருப்பங்களை வரிசைப்படுத்தும் முறைக்கு மாறலாமா என்பது கேள்வி. வாக்களித்தவர்களில் 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்களே 42 சதவீதம்தான். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022இல், தேர்தல் சட்டம் ஒன்று நிறைவேறியது. லண்டன் உள்ளிட்ட இங்கிலாந்து நகரங்களின் மேயரைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்காளருக்கு அதுவரை இருந்த இரண்டாம் விருப்ப வாக்கை அந்தச் சட்டம் எடுத்துவிட்டது. இதற்காக யாரும் மக்களைக் கேட்கவில்லை. மசோதா தாக்கலானபோது இந்தப் பிரிவே அதில் கிடையாது. இரண்டாம் வாசிப்பு முடிந்த பிறகு திருத்தமாகச் சேர்த்தார்கள். 2011இல் மக்கள் சொன்ன 'வேண்டாம்' என்ற பதிலையே அரசு இதற்கும் காரணமாகக் காட்டியது.

கூடுதலாக ஒரு விருப்பத்தைக் கொடுக்க நாடு முழுவதையும் கேட்க வேண்டியிருந்தது. கையில் இருந்த விருப்பத்தைப் பறிக்க ஆளுங்கட்சியின் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. பிரிட்டிஷ் ஜனநாயகத்தின் மீதான நம்பிக்கைச் சரிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊழலிலிருந்தும் பொய்யிலிருந்தும் தொடங்குகிறார்கள். எனக்கு இந்தக் கோணலான கணக்குதான் நோயின் வேருக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது. தேர்தலை எந்த விதிப்படி நடத்துவது என்பதைத் தேர்தலில் வென்றவரே, தனக்கு வசதிப்பட்ட நேரத்தில், சாதாரணச் சட்டம் ஒன்றால் தீர்மானித்துவிடலாம் என்ற நிலை நீடிக்கும்வரை, தோற்றவர்களின் வாக்காளர்கள் அந்த விதியை எப்படித் தங்களுடையதாக ஏற்பார்கள்?

சரிவு எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1983 முதல் நடந்துவரும் பிரிட்டிஷ் சமூக மனப்பாங்கு ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, எந்தக் கட்சியின் அரசானாலும் கட்சி நலனைவிட நாட்டு நலனை முன்வைக்கும் என்று அநேகமாக ஒருபோதும் நம்புவதில்லை என்றவர்கள் 45 சதவீதம் என்றது. அதுவரை பதிவானதில் அதுவே மிக அதிகம். ஆட்சி மாறினால் நம்பிக்கை கொஞ்சமாவது மீளும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 2025 அறிக்கை ஏமாற்றமே தந்தது. அரசு பெரும்பாலும் நாட்டு நலனையே முன்வைக்கும் என்று நம்பியவர்கள் வெறும் 12 சதவீதம். அதே அறிக்கையில், சிறிய கட்சிகளுக்கும் நியாயம் கிடைக்கும்படி தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்றவர்கள் 60 சதவீதம்.

காரணங்கள் பல என்பதை மறுக்க முடியாது. 2009இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் வீட்டுச் செலவுகளை மக்கள் பணத்தில் எழுதிக்கொண்டது அம்பலமானது. 1695க்குப் பிறகு முதல்முறையாக ஒரு சபாநாயகர் நெருக்கடிக்கு ஆளாகிப் பதவி விலகினார். பெருந்தொற்றுக் காலத்தில் நாட்டை வீட்டுக்குள் அடைத்த பிரதமர் ஜான்சனே அந்தத் தடையை மீறிய விருந்து விவகாரத்தில் காவல்துறையிடம் அபராதம் கட்டினார். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு உண்மை ஊதியம் ஏறக்குறைய தேங்கிக் கிடந்தது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இவற்றில் எதையும் தேர்தல் முறை நேரடியாக உண்டாக்கவில்லை. ஆனால் கோபம் கொண்ட குடிமகன் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? வாக்குச்சாவடிதான் அதற்கான இடம். அங்கே அவன் வாக்கு என்ன ஆகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

2024 ஜூலை 4 தேர்தலின் எண்களைப் பார்க்கலாம். தொழிலாளர் கட்சி 33.7 சதவீத வாக்குகளைக் கொண்டு 650 இடங்களில் 411ஐ வென்றது. ரிஃபார்ம் யூகே கட்சிக்கு 14.3 சதவீத வாக்கு, 5 இடங்கள். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு அதைவிடக் குறைவாக 12.2 சதவீத வாக்கு, ஆனால் 72 இடங்கள். தொழிலாளர் கட்சிக்கு ஓர் உறுப்பினருக்குச் சுமார் 23,600 வாக்குகள் போதுமானதாக இருக்க, பசுமைக் கட்சிக்கு ஏறக்குறைய 4,85,000 வாக்குகளும் ரிஃபார்ம் கட்சிக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளும் தேவைப்பட்டன.

இதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொரு ஒப்பீடு. 2017இல் தொழிலாளர் கட்சி 1 கோடியே 28 லட்சம் வாக்குகள் வாங்கித் தோற்றது. கிடைத்த இடங்கள் 262. 2019இல் 1 கோடியே 2 லட்சம் வாக்குகள், 202 இடங்கள், படுதோல்வி என்றார்கள். 2024இல் 97 லட்சம் வாக்குகள், 411 இடங்கள். மாபெரும் வெற்றி என்றார்கள். மூன்று தேர்தல்களில் வாக்குகள் தொடர்ந்து குறைந்திருக்கின்றன, இடங்களோ கடைசியில் இரட்டிப்பாகியிருக்கின்றன. பதிவான வாக்காளர்களில் சுமார் 60 சதவீதம் பேரே வாக்களித்ததால், அரசுக்கு ஆதரவாக வாக்களித்தவர்கள் ஐவரில் ஒருவர்தான்.

இந்த முறைக்கு ஆதரவாக ஒரு பழைய பேரம் சொல்லப்படும். வாக்குக்கும் இடத்துக்கும் இடையே கொஞ்சம் நியாயம் குறையும், பதிலாக உறுதியான ஆட்சி கிடைக்கும். பிடிக்காத அரசை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு தொகுதிக்கும் ஊர் அறிந்த ஓர் உறுப்பினர் இருப்பார். இது பொருட்படுத்த வேண்டிய வாதம். 1951இல் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 97 சதவீத வாக்குகளைப் பெற்றன. அப்படிப்பட்ட நாட்டில் முந்தியவர் வெல்லும் முறை ஓரளவு சரியாகவே இயங்கும். அந்தத் தேர்தலிலும் அதிக வாக்கு பெற்ற தொழிலாளர் கட்சி தோற்று, சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 2024இல் இரண்டு கட்சிகளின் கூட்டு வாக்கு 57 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பேரத்தின் மறுபக்கமும் கைக்கு வரவில்லை. 2016 முதல் 2024 வரை எட்டு ஆண்டுகளில் கேமரன், மே, ஜான்சன், டிரஸ், சுனக், ஸ்டார்மர் என ஆறு பேர் பிரதமர் இருக்கையில் அமர்ந்தார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் மூவர்.

ஊர் அறிந்த உறுப்பினர் என்ற வாதமும் மெலிந்துவருகிறது. முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 2024இல் தோற்ற தென்மேற்கு நார்ஃபோக் தொகுதியில் வென்றவர் பெற்றது 26.7 சதவீத வாக்கு. இரண்டாம் விருப்பத்தைப் பறித்த சட்டத்தின் விளைவு 2025 மே மாதம் இங்கிலாந்தின் மேற்குப் பிராந்திய மேயர் தேர்தலில் தெரிந்தது. வென்ற தொழிலாளர் கட்சி வேட்பாளருக்கு 25 சதவீதம், இரண்டாவதாக வந்த ரிஃபார்ம் வேட்பாளருக்கு 22 சதவீதம். பத்தில் ஏழு பேர் வாக்களிக்கவே வரவில்லை. வென்றவர் மீது குறை சொல்ல எதுவுமில்லை. அவர் விதிப்படியே வென்றார். ஆனால் அந்தப் பகுதி முழுவதற்கும் பேசும் உரிமையை இந்த எண்கள் அவருக்குத் தருகின்றனவா?

பழைய முறையிலும் குறை இருந்தது. 2021 லண்டன் மேயர் தேர்தலில் இரண்டு நெடுவரிசைகள் கொண்ட வாக்குச்சீட்டு குழப்பியதில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் செல்லாமல் போயின. அதற்கு வாக்குச்சீட்டின் வடிவத்தைத் திருத்தியிருக்கலாம்.

நாடாளுமன்றத் தேர்தலின் இப்போதைய முறை காலங்காலமாக வந்த மரபு என்று பலர் நம்புகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டனின் தொகுதிகள் பலவும் இரண்டு உறுப்பினர்களை அனுப்பின. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பது பொது வழக்கமானது 1885இன் தொகுதிச் சீரமைப்புச் சட்டத்தால்தான். பல உறுப்பினர் தொகுதிகள் முற்றாக மறைய 1950 வரை ஆனது. தாமஸ் ஹேர் என்ற வழக்கறிஞர் 1850களிலேயே விகிதாச்சார முறைக்கான திட்டத்தை எழுதினார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1867இல் அதைக் காமன்ஸ் சபையின் முன் வைத்தார். இன்றும் இயங்கும் தேர்தல் சீர்திருத்தச் சங்கத்தின் தொடக்கம் 1884.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. 1917இல் சபாநாயகர் தலைமையில் கூடிய மாநாடு, பெருநகரத் தொகுதிகளில் ஒற்றை மாற்று வாக்கு முறையைப் பரிந்துரைத்தது. வாக்காளர் விருப்பங்களை வரிசைப்படுத்துவார். பல உறுப்பினர்கள் கொண்ட தொகுதியில் வாக்குகளின் விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் பிரியும். 1918 சட்டத்தில் எஞ்சியது பல்கலைக்கழகத் தொகுதிகள் சிலவற்றுக்கான ஏற்பாடு மட்டுமே. 1931இல் சிறுபான்மையாக ஆண்ட தொழிலாளர் கட்சி விருப்ப வரிசை முறைக்கான மசோதாவைக் காமன்ஸ் சபையில் நிறைவேற்றியது. பிரபுக்கள் சபை அதைச் சிதைத்தது, அரசு கவிழ்ந்ததும் மசோதாவும் போயிற்று. 1997இல் டோனி பிளேர் பொது வாக்கெடுப்பு நடத்துவதாகத் தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி அளித்தார். 43 சதவீத வாக்கில் 418 இடங்கள் கிடைத்தன. ராய் ஜென்கின்ஸ் தலைமையிலான ஆணையம் 1998 அக்டோபரில் கவனமாக எழுதிய அறிக்கையைக் கொடுத்தது. பொது வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

2011இல் நடந்தது இன்னும் வருத்தமானது. கன்சர்வேட்டிவ் கட்சியுடன் கூட்டணி ஆட்சிக்குள் நுழைந்த நிக் கிளெக்கின் லிபரல் டெமாக்ரட் கட்சி விரும்பியது விகிதாச்சார முறை; பேரத்தில் கிடைத்தது விகிதாச்சாரமே இல்லாத விருப்ப வரிசை முறை. பொதுத் தேர்தலுக்கு முன் அதை அற்பமான சமரசம் என்று வருணித்தவர் கிளெக் தான். யாரும் முழு மனதோடு விரும்பாத ஒன்றை மக்கள் முன் வைத்தார்கள். பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தியதால் கிளெக் மீது கோபத்தில் இருந்தவர்களுக்கு அந்த வாக்கெடுப்பு அவரைத் தண்டிக்கும் வாய்ப்பாகவும் ஆனது. விதியைப் பற்றிய கேள்வி ஆளைப் பற்றிய கேள்வியாகச் சுருங்கியது. மாற்றத்தின் அளவைக் கட்சிகள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு மக்களிடம் ஒப்புதல் மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

பிரிட்டன் ஏற்றுமதி செய்த இந்தத் தேர்தல் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கைத் தமிழர்கள் சாட்சி. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீத வாக்குகளோடு 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. சுமார் 30 சதவீத வாக்கு வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்கள். அதைவிட மிகக் குறைந்த வாக்கு பெற்ற, ஆனால் அந்த வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் திரண்டிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடங்கள். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மையைக் கையில் வைத்திருந்த ஜே. ஆர். ஜெயவர்தனா 1978இல் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். அது விகிதாச்சார முறையை ஏற்றது. ஆனால் அந்த முறையில் நாடாளுமன்றத் தேர்தல் 1989 வரை நடக்கவில்லை. இடையில், 1982இல், தேர்தலையே தவிர்த்துவிட்டு, பழைய முறையில் கிடைத்த நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்க ஒரு பொது வாக்கெடுப்பை நடத்தினார்கள். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறைக்குள் நுழைந்த நாடாளுமன்றம் அதுதான். வென்றவர் விதியை எழுதும்போது, எழுதப்படுவது நல்ல விதியாக இருந்தாலும்கூட, அது எப்போது யாருக்குப் பயன்படும் என்பதும் அவர் கையில்தான் இருக்கும். காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், இலங்கை, இந்தியக் குடியுரிமையோடு பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் தமிழர்களும் அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். அவர்களில் முதிய தலைமுறைக்கு இந்த வரலாறு புத்தகத்தில் படித்ததாக இருக்காது.

பிரிட்டனுக்குள்ளேயே இந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்த உணர்வு வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு வெளியே மட்டும் செயல்பட்டது என்பதுதான் விந்தை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றமோ வேல்ஸ் நாடாளுமன்றமோ தன் தேர்தல் முறையையோ வாக்குரிமையையோ மாற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். இந்த நிபந்தனையை அவர்களுக்கு விதித்தது வெஸ்ட்மின்ஸ்டர். தனக்கு அப்படி எந்த நிபந்தனையையும் அது வைத்துக்கொள்ளவில்லை. எடின்பரோவிலும் கார்டிஃபிலும் ஆளுங்கட்சி தன்னிச்சையாக விதியை மாற்றிவிடக் கூடாது என்று கருதியவர்கள், லண்டனில் மட்டும் அந்தக் கவலை தேவையில்லை என்று எப்படி முடிவு செய்தார்கள்?

மூன்றில் இரண்டு பங்கு என்பது மட்டும் போதாது என்பதையும் இலங்கை காட்டியது. தேர்தல் முறையே ஒரு கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கைத் தூக்கிக் கொடுத்தால் அந்தத் தடுப்பு என்ன செய்யும்? வேல்ஸில் நடந்தது வேறு வகையான பாடம். அங்கே நிபுணர் குழு 2017இல் ஒற்றை மாற்று வாக்கு முறையைப் பரிந்துரைத்திருந்தது. வாக்காளர் ஆளையும் தேர்ந்தெடுக்கலாம், கட்சியையும் தேர்ந்தெடுக்கலாம். 2024இல் நிறைவேறிய சட்டம் 96 உறுப்பினர்களை, தொகுதிக்கு ஆறு பேர் வீதம், கட்சிகள் முன்கூட்டியே வரிசைப்படுத்திய மூடிய பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. விகிதாச்சாரம் வந்தது; ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சி அலுவலகத்துக்குப் போனது. இரண்டு கட்சிகள் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கைத் திரட்டின, இரண்டு கட்சிகளுக்கும் வசதியான ஏற்பாடு கிடைத்தது. விகிதாச்சார முறையை ஆதரிக்கும் என் போன்றவர்கள் இதைப் பார்த்தும் பேசாமல் இருந்தால் நம் வாதத்துக்கு மதிப்பில்லை.

2022 சட்டத்தின் இன்னொரு பகுதி, வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பது. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்காக என்றார்கள். 2019இல் காவல்துறைக்கு வந்த 595 தேர்தல் முறைகேட்டுப் புகார்களில் தண்டனையில் முடிந்தவை நான்கு. 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் புதிய விதி முதல்முறையாக நடைமுறைக்கு வந்தபோது, அட்டையில்லாமல் திரும்பிப் போய் மறுபடி வராதவர்கள் சுமார் 14,000 பேர் என்று தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. முதியோரின் பேருந்து அட்டை செல்லும், மாணவர்களின் அடையாள அட்டை செல்லாது. இந்தச் சட்டம் நிறைவேறியபோது அமைச்சராக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேக்கப் ரீஸ்-மாக், பின்னர் ஒரு மாநாட்டில், தேர்தல் விதியைத் தங்களுக்குச் சாதகமாக வளைக்க முயலும் கட்சிகளின் சூழ்ச்சி அவர்களையே திருப்பித் தாக்குகிறது என்பதற்கு இந்த அடையாள அட்டை விதியையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். அட்டை இல்லாமல் திரும்பிய முதியவர்கள் பெரும்பாலும் தங்கள் கட்சிக்கு வாக்களிக்கிறவர்கள் என்று வருந்தினார். இதைக் கேட்ட ஒரு சாதாரண வாக்காளர் அரசியல்வாதிகளை நம்ப வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

இப்போதைய தொழிலாளர் கட்சி அரசு 2025இல் கொண்டுவந்த மசோதாவில் மேயர் தேர்தலுக்கு இரண்டாம் விருப்ப வாக்கைத் திருப்பித் தரும் பிரிவைச் சேர்த்தது. பதினாறு வயதினருக்கு வாக்குரிமை தருவதாகவும் அறிவித்தது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் இரண்டும் அதே வழியில்தான் வருகின்றன: வென்ற கட்சி, தன் பெரும்பான்மையால். அடுத்த அரசு வேறு நிறத்தில் வந்தால் அதே வழியில் இவையும் போகலாம். காமன்ஸ் சபைக்கான தேர்தல் முறையையோ இந்த அரசு தொடவே இல்லை. 2022இல் தொழிலாளர் கட்சியின் மாநாடு விகிதாச்சார முறையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது; 2024 தேர்தல் அறிக்கையில் அதைக் காணோம். 2024 டிசம்பரில் லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் சாரா ஓல்னி கொண்டுவந்த விகிதாச்சார மசோதா அறிமுக நிலையில் 138க்கு 136 என்ற கணக்கில் வென்றது. அரசின் ஆதரவு இல்லாத அந்த மசோதா சட்டமாக வழியிருக்கவில்லை.

இதற்கிடையில் கணக்கு மாறிவருகிறது. 2025இல் கருத்துக்கணிப்புகள் பலவற்றில் ரிஃபார்ம் கட்சி 30 சதவீதத்தை ஒட்டி முதலிடத்துக்கு வந்தது. ஐந்து கட்சிகளுக்கிடையே வாக்கு சிதறும்போது அந்த அளவே பெரும்பான்மைக்குப் போதுமானதாக இருக்கலாம். 2024 தேர்தல் அறிக்கையில் விகிதாச்சார முறைக்குப் பொது வாக்கெடுப்பு கேட்ட கட்சி அது. அந்தப் பெரும்பான்மை கைக்கு வந்த பிறகும் அதே கோரிக்கையில் நிற்குமா என்பதற்கு 1997 ஒரு முன்னுதாரணம்.

வேறு வழி இருக்கிறதா என்றால், பிரிட்டனின் தேர்தல் முறையையே கொண்டிருந்த நியூசிலாந்து அதைக் காட்டியது. 1978, 1981 தேர்தல்களில் அதிக வாக்கு பெற்ற கட்சி தோற்றது அங்கே பெரிய கேள்வியை எழுப்பியது. 1985இல் அமைத்த அரச ஆணையம் 1986 இறுதியில் அறிக்கை கொடுத்தது. பெரிய கட்சிகள் இரண்டுமே அதை விரும்பவில்லை. ஆனாலும் மக்கள் அழுத்தத்தால் 1992இல் ஒரு வாக்கெடுப்பு, எந்த மாற்று முறை என்று கேட்டு; 1993இல் இன்னொன்று, அந்த மாற்று வேண்டுமா பழையதே போதுமா என்று கேட்டு. 53.9 சதவீதம் பேர் மாற்றத்தை ஏற்றார்கள். தொகுதி உறுப்பினரும் உண்டு, கட்சிப் பட்டியலும் உண்டு என்ற கலப்பு முறை 1996 முதல் நடக்கிறது. பதினைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு 2011இல் மறுபடி மக்களைக் கேட்டார்கள், 57.8 சதவீதம் பேர் புதிய முறையே இருக்கட்டும் என்றார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004இல் பெரும்பாலும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குடிமக்கள் 160 பேர் மாதக்கணக்கில் அமர்ந்து பேசி ஒரு முறையைப் பரிந்துரைத்தார்கள். அடுத்த ஆண்டு வாக்கெடுப்பில் 57 சதவீதத்துக்கும் அதிகமான ஆதரவு கிடைத்தும், 60 சதவீதம் வேண்டும் என்று அரசு வைத்திருந்த நிபந்தனையால் அது நின்றுபோனது. அங்கும் கடைசித் தாழ்ப்பாள் வென்றவர்கள் கையில்தான் இருந்தது.

விகிதாச்சார முறை வந்தால் நம்பிக்கை தானாக மீண்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் நூறாண்டுக்கும் மேலாக விகிதாச்சார முறை இருக்கிறது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை தவறாகக் குற்றம்சாட்டியது அங்கேதான். 2021இல் அரசே விலக வேண்டி வந்தது. கூட்டணி பேசி முடிக்க அங்கே மாதங்கள் ஆகின்றன. மருத்துவமனை வரிசையையும் ஊதியத்தையும் எந்த வாக்குச்சீட்டும் சரிசெய்யாது. சரிசெய்யாத அரசை மாற்றும் உரிமை எல்லா வாக்காளருக்கும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அந்தச் சமம் என்ன வடிவில் அமைய வேண்டும் என்பதைக் கட்சிகளுக்கு வெளியே இருப்பவர்கள் வகுக்க வேண்டும். மக்கள் இரண்டு முறை யோசிக்கும்படி கேட்க வேண்டும். ஏற்றபின், ஒரு கட்சி தன் பெரும்பான்மையால் மட்டும் கலைக்க முடியாதபடி பூட்ட வேண்டும்.

பிரிட்டனின் அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்ட் மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போக முடியாது. நியூசிலாந்து ஆணையம் தன் வேலையை இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்தது. அப்படி ஓர் ஆணையத்தை இன்று அமைக்கும் அதிகாரம் 33.7 சதவீத வாக்கில் 411 இடங்களை வென்ற கட்சியிடம் இருக்கிறது.